லினக்ஸ் டெஸ்க்டாப்பை மாற்றியமைப்பதும் பகிர்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இந்தப் பக்கத்தில் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். சூழல் மாறிகளின் (செயலிகள் பார்த்து நடக்கும், பெயரிட்ட மதிப்புகள்) பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில். இன்ஹெரிட்ஸ், எக்ஸெக், எக்ஸ்எஃப்டி, எக்ஸ்அத்தாரிட்டி ஆகியவற்றில் முதல் எழுத்து மட்டும் பெரியது. ~ என்ற குறி உங்கள் ஹோம் ஃபோல்டர். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைந்திருக்கும். கோப்பு மேலாளரில் கண்ட்ரோல்+எச் அழுத்தினால் தெரியும்.

'ரைஸ்', 'டாட்ஃபைல்' என்கிறார்களே, அவை என்ன?

டெஸ்க்டாப்பின் நிறம், எழுத்துரு, பேனல், ஜன்னல் அடுக்கும் முறை எல்லாவற்றையும் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வதை 'ரைஸ்' என்பார்கள். ஆசிய நாட்டுக் கார்களை மினுக்கி ஓட்டியவர்களை இளக்காரமாகச் சொல்லப் பிறந்த சொல் அது. இனக்கேலி கலந்தது என்பதால் பலர் தவிர்க்கிறார்கள். இங்கேயும் 'அமைப்பு' என்றே சொல்கிறோம். டாட்ஃபைல் என்பது செயலிகளின் விருப்பங்கள் எழுதப்பட்ட கோப்பு. பெயர் புள்ளியில் தொடங்குவதால், அல்லது புள்ளியில் தொடங்கும் ஃபோல்டருக்குள் இருப்பதால் அந்தப் பெயர்.

டெஸ்க்டாப் சூழலில் தொடங்குவதா, தனி விண்டோ மேனேஜரில் தொடங்குவதா?

டெஸ்க்டாப் சூழல் என்பது பேனல், அமைப்புகள் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பு; விண்டோ மேனேஜர் ஜன்னல்களை மட்டும் பார்த்துக்கொள்வது. இப்போது எதில் இருக்கிறீர்களோ அதிலேயே தொடங்குங்கள். பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ என்ற சூழல்களில் பேனல், நிறம், ஐகான், விசைச்சேர்க்கை அத்தனையையும் அமைப்புகள் ஜன்னலிலிருந்தே மாற்றலாம். க்னோம் அவ்வளவு இடம் கொடுக்காது. பெரிய மாற்றமெல்லாம் நீட்சிகள் வழியாகத்தான்.

ஐ3, ஸ்வே, ஹைப்பர்லேண்ட் ஆகிய விண்டோ மேனேஜர்களுக்குத் தாவுகிறவர்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்: அவை ஜன்னல்களை அடுக்கும், அதோடு சரி. பேனலுக்குப் பாலிபார் அல்லது வேபார், செயலி திறக்க ரோஃபி, அறிவிப்புக்கு டன்ஸ்ட் அல்லது மாக்கோ, திரைப்பூட்டு, வால்பேப்பர், ஒலி கூட்டும் விசை, வெளிச்சம் கூட்டும் விசை என்று எல்லாம் உங்கள் பொறுப்பு. பலரும் மறப்பவை இரண்டு. ஒன்று போல்கிட் ஏஜென்ட். அது ஓடாவிட்டால் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் பெட்டி வராது. டிஸ்க் செயலியும் மென்பொருள் நிறுவும் செயலியும் காரணம் சொல்லாமல் தோற்கும். இன்னொன்று எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல். அது இல்லாவிட்டால் வேலண்டில் (ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறை; பழையது எக்ஸ்11) வீடியோ அழைப்பின்போது திரையைக் காட்ட முடியாது. ஸ்வேக்கு டபிள்யூஎல்ஆர் வகைப் போர்ட்டலும் ஹைப்பர்லேண்டுக்கு அதற்கென்றே உள்ள போர்ட்டலும் வேண்டும்.

பழைய சூழலை நீக்கிவிட்டுப் புதியதற்குப் போகாதீர்கள். இரண்டும் அருகருகே இருக்கட்டும். எதில் நுழைவது என்று உள்நுழைவுத் திரையில் தேர்ந்துகொள்ளலாம்.

எக்ஸ்11 கருவிகள் வேலண்டில் ஓடுமா?

திரையைத் தொடுகிற கருவிகள் பெரும்பாலும் ஓடாது. முதலில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்: 'எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்'. எக்ஸ்11 என்றால் பிகாம் (நிழல், மங்கல்), பாலிபார், ஃபே (வால்பேப்பர்), ஸ்க்ராட் (ஸ்கிரீன்ஷாட்), எக்ஸ்ரேண்டர் (திரை அமைப்பு) எல்லாம் வேலை செய்யும். வேலண்டில் நிழலும் மங்கலும் கம்பாசிட்டரின் (ஜன்னல்களைத் திரையில் ஒன்றுசேர்க்கும் நிரல்) வேலை, ஆகவே பிகாமுக்கு அங்கே இடமே இல்லை. பாலிபாருக்குப் பதில் வேபார், ஃபேக்குப் பதில் ஸ்வேபிஜி, ஸ்க்ராட்டுக்குப் பதில் கிரிம்.

ஒரு கண்ணி: 'வேலண்டில் ஓடும்' என்று எழுதியிருந்தாலே எல்லா வேலண்டிலும் ஓடும் என்று அர்த்தமில்லை. வேபாருக்கு லேயர்-ஷெல் நெறிமுறை தேவை. ஸ்வே, ஹைப்பர்லேண்ட், பிளாஸ்மா மூன்றிலும் அது உண்டு, க்னோமில் இல்லை. கிரிம் கருவிக்கும் க்னோமில் அதே கதிதான்.

தீம் போட்டேன். சில செயலிகள் மட்டும் பழைய தோற்றத்திலேயே இருக்கின்றன. ஏன்?

திரையில் ஒரே மாதிரி தெரிந்தாலும் செயலிகள் ஜிடிகே, கியூடி என்று வெவ்வேறு கருவித்தொகுப்புகளில் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் தீமை வேறொரு இடத்தில் தேடும். எது மாறவில்லை என்பதைப் பார்த்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபடும்.

ஜிடிகே 3 செயலிகள் ~/.தீம்ஸ் அல்லது ~/.லோக்கல்/ஷேர்/தீம்ஸ் ஃபோல்டரில் தேடும். எந்தத் தீம் என்ற பெயரை எக்ஸ்11 விண்டோ மேனேஜரில் ~/.கான்ஃபிக்/ஜிடிகே-3.0/செட்டிங்ஸ்.ஐஎன்ஐ கோப்பிலிருந்து எடுக்கும். வேலண்டில் க்னோமின் விருப்பச் சேமிப்பான ஜிசெட்டிங்ஸிலிருந்து எடுக்கும். ஸ்வேயில் அந்தக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போவதன் காரணம் இதுதான். அங்கே 'ஜிசெட்டிங்ஸ் செட் ஆர்க்.க்னோம்.டெஸ்க்டாப்.இன்டர்ஃபேஸ் ஜிடிகே-தீம்' என்று அடித்து, அடுத்துத் தீமின் பெயரைக் கொடுங்கள். எழுதப் பிடிக்காதவர்களுக்கு என்டபிள்யூஜி-லுக் என்ற சிறு செயலி உண்டு.

புதிய க்னோம் செயலிகள் ஜிடிகே 4-ஓடு லிப்அட்வைட்டா நூலகத்தையும் பயன்படுத்துகின்றன. 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42 முதல் இதுதான் நடைமுறை. லிப்அட்வைட்டா தீம் பெயரைச் சட்டையே செய்யாது. வெளிர், கருமை இரண்டில் ஒன்றைக் 'கலர்-ஸ்கீம்' என்ற விருப்பத்தில் சொல்லலாம். க்னோம் 47 முதல் அழுத்த நிறத்தையும் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ~/.கான்ஃபிக்/ஜிடிகே-4.0/ஜிடிகே.சிஎஸ்எஸ் கோப்பில் நிறங்களை நேரடியாக எழுத வேண்டும். நிறங்களை மட்டும் மாற்றினால் அடுத்த பதிப்பிலும் தாங்கும். பொத்தானின் வடிவம், இடைவெளி என்று இறங்கினால் ஒவ்வொரு பதிப்பிலும் ஏதாவது கோணலாகும்.

கியூடி செயலிகள் பிளாஸ்மாவுக்கு வெளியே அநாதைகள். கியூடி6சிடி நிறுவி, கியூடி_கியூபிஏ_பிளாட்ஃபார்ம்தீம் என்ற சூழல் மாறியில் அதன் பெயரைக் கொடுங்கள். தோற்றத்துக்குக் குவாண்டம் தீம்கள் நன்றாகவே பொருந்தும். அந்த மாறியை ~/.பேஷ்ஆர்சி கோப்பில் எழுதினால் டெர்மினலிலிருந்து திறக்கும் செயலிகளுக்கு மட்டுமே எட்டும், மெனுவிலிருந்து திறப்பவை பழையபடியே நிற்கும். ~/.ப்ரொஃபைல் கோப்பில் எழுதி, ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

ஃபிளாட்பேக் செயலிகள் தனிப் பெட்டிக்குள் ஓடுகின்றன. உங்கள் தீம் ஃபோல்டர் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. 'ஃபிளாட்பேக் ஓவர்ரைட் --யூசர் --ஃபைல்சிஸ்டம்=~/.தீம்ஸ்' என்று திறந்துவிடலாம். லிப்அட்வைட்டா நிறங்களுக்கு அதே கட்டளையில் 'எக்ஸ்டிஜி-கான்ஃபிக்/ஜிடிகே-4.0:ஆர்ஓ' என்று கொடுங்கள். இதையும் செய்து, அப்போதும் மாறவில்லையென்றால் அந்தக் கோப்பு உண்மையான கோப்பா, வேறெங்கோ உள்ள ரெப்போவை (கோப்பு மாற்றங்களைக் கிட் என்ற கருவி பதிந்து வைக்கும் ஃபோல்டர்) சுட்டும் இணைப்பா என்று பாருங்கள். இணைப்பு சுட்டும் இடம் பெட்டிக்கு வெளியே இருந்தால் திறந்துவிட்டும் பயனில்லை.

கடைசியாக, நிர்வாகி உரிமையில் ஓடும் செயலிகள். அவற்றுக்கு ஹோம் ஃபோல்டரே வேறு. தீமை /யுஎஸ்ஆர்/ஷேர்/தீம்ஸ் ஃபோல்டரில் வைத்தால் சரியாகும்.

ஐகான் தொகுப்பை இறக்கிச் சரியான இடத்தில் வைத்தும் பட்டியலில் வரவில்லையே?

அவிழ்க்கும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டராகிவிட்டிருக்கும். ~/.லோக்கல்/ஷேர்/ஐகான்ஸ் ஃபோல்டரில் தொகுப்பின் பெயர், அதற்குள் நேரடியாக இன்டெக்ஸ்.தீம் கோப்பு என்று இருக்க வேண்டும். கர்சர் தொகுப்புக்கு இதோடு 'கர்சர்ஸ்' என்ற உள்ஃபோல்டரும் தேவை. ஒரு ஜன்னலில் ஒரு கர்சரும் இன்னொன்றில் வேறு கர்சரும் வந்தால் ~/.ஐகான்ஸ்/டிஃபால்ட்/இன்டெக்ஸ்.தீம் கோப்பில் 'இன்ஹெரிட்ஸ்=' என்ற வரியில் தொகுப்பின் பெயரை எழுதி, எக்ஸ்கர்சர்_சைஸ் மாறியை 24 என்று வையுங்கள்.

பேனலில் சின்னங்களுக்குப் பதில் வெறும் கட்டங்கள் வருகின்றன.

அந்தச் சின்னங்கள் படங்கள் அல்ல, எழுத்துகள். யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் நெர்ட் ஃபான்ட்ஸ் திட்டம் அவற்றை வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம்தான் தெரியும். எழுத்துருவை ~/.லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு 'எஃப்சி-கேஷ் -எஃப்வி' ஓட்டுங்கள். பிறகு 'எஃப்சி-லிஸ்ட்' காட்டும் பெயரை எழுத்துப் பிசகாமல் கான்ஃபிக் கோப்பில் எழுதுங்கள். ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் சத்தமில்லாமல் வேறு எழுத்துருவுக்குப் போய்விடும்.

பாதிச் சின்னங்கள் வந்து பாதி வராவிட்டால் அது பதிப்புச் சிக்கல். 2023-இல் வந்த 3.0 பதிப்பில் மெட்டீரியல் டிசைன் சின்னங்களின் பழைய குறியெண்களை நீக்கிவிட்டார்கள். அதற்கு முன் எழுதிய பாலிபார் அமைப்புகளில் அந்த இடங்களெல்லாம் கட்டமாகும். ஒவ்வொரு சின்னத்தையும் புதிய எண்ணில் தேடி மாற்ற வேண்டும். சின்னம் வருகிறது, ஆனால் பாதி வெட்டுப்பட்டோ மிகச் சிறிதாகவோ இருக்கிறது என்றால் எழுத்துருவின் வகையை மாற்றிப் பாருங்கள்: 'மோனோ' என்று முடிவது சின்னத்தை ஒரே எழுத்தின் அகலத்துக்குள் அடக்கும், 'ப்ரோபோ' அதன் இயல்பான அகலத்தை விடும். பேனலுக்கு ப்ரோபோ, டெர்மினலுக்கு மோனோ.

டெர்மினலில் தமிழ் மட்டும் சிதறித் தெரிகிறது. தீமின் குற்றமா?

இல்லை. டெர்மினல் திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரிக்கிறது. 'கொ' என்ற ஒரே எழுத்துக்குக் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் வரவேண்டும். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி இல்லாத டெர்மினலில் அவை இடம் மாறி நிற்கும். அலாகிரிட்டி வேகமானது, ஆனால் அந்த வசதி அதில் கிடையாது. கான்சோல் போன்ற ஒன்றில் அதே வரியை ஒட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

எழுத்துரு அழகாக இல்லை என்பதுதான் குறை என்றால் அது எளிது. ~/.கான்ஃபிக்/ஃபான்ட்கான்ஃபிக்/ஃபான்ட்ஸ்.கான்ஃப் கோப்பில் 'மோனோஸ்பேஸ்' குடும்பத்துக்கு உங்கள் ஆங்கில எழுத்துருவை முதலிலும் நோட்டோ சான்ஸ் தமிழை அடுத்தும் எழுதுங்கள். 'எஃப்சி-மேட்ச் மோனோஸ்பேஸ்:லேங்=டிஏ' என்று அடித்தால் தமிழுக்கு எது தேர்வாகிறது என்று தெரிந்துவிடும்.

நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

புதிதாக உருவாக்குவதற்கு முன் ஏற்கெனவே பழுத்த ஒன்றை எடுங்கள். சோலரைஸ்டு, குரூவ்பாக்ஸ், நார்ட், டிராகுலா, கேட்புச்சின் ஆகியவற்றுக்குப் பெரும்பாலான செயலிகளில் தயார் கோப்புகள் உண்டு. டெர்மினலுக்கு 16 நிறங்கள் வேண்டும்: எட்டு இயல்பானவை, எட்டு பளிச்சென்றவை. இவற்றில் கவனிக்காமல் விடப்படுவது 8ஆம் எண், அதாவது பளிச்சென்ற கறுப்பு. பல ஷெல்கள் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டுபவை) தாமாக முன்மொழியும் கட்டளையை அந்த நிறத்தில்தான் காட்டும். அது பின்புலத்தோடு ஒட்டிப்போனால் முன்மொழிவே கண்ணுக்குத் தெரியாது, நீட்சி பழுதென்று நினைத்துக்கொள்வீர்கள்.

சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறிமுறை. டெர்மினலுக்கும் நல்ல அளவுகோல். ஒளிபுகும் பின்புலம் வைப்பவர்கள் இதைத் தங்கள் வால்பேப்பரின் மிக வெளிச்சமான மூலையில் வைத்துச் சோதிக்க வேண்டும். 60 சதவீதம் ஒளிபுகும் டெர்மினல் படத்தில் பிரமாதமாக இருக்கும். அதில் நாலு மணி நேரம் வேலை செய்ய முடியாது. 90-க்கு மேல் அடர்த்தி வைப்பதே எங்கள் பரிந்துரை.

வால்பேப்பரிலிருந்து தானாக நிறமெடுக்கும் பைவால், மாட்டுகன் போன்றவை விளையாட நல்லவை. ஒரே சாயல் படத்தைக் கொடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிப்போய், கிட் காட்டும் வேறுபாட்டில் சேர்த்த வரி எது, நீக்கிய வரி எது என்றே தெரியாது.

என் அமைப்பு எந்தக் கோப்புகளில் இருக்கிறது?

விண்டோ மேனேஜர்களில் கேள்விக்கே இடமில்லை: ~/.கான்ஃபிக் ஃபோல்டருக்குள் அந்தந்தப் பெயரில் இருக்கும். டெஸ்க்டாப் சூழல்களில்தான் குழப்பம்.

க்னோம் எல்லாவற்றையும் ~/.கான்ஃபிக்/டிகான்ஃப்/யூசர் என்ற ஒரே பைனரி கோப்பில் வைக்கிறது. அதை நகலெடுத்துப் பகிராதீர்கள்; உரையாக வெளியே எடுங்கள். 'டிகான்ஃப் டம்ப் /' என்று முழுவதையும் கொட்டினால் ஜன்னல் அளவுகள், கடைசியாகத் திறந்த ஃபோல்டர், வானிலைச் செயலியில் சேர்த்த ஊர் எல்லாம் சேர்ந்து வரும். வேண்டிய கிளையை மட்டும் எடுங்கள்: தோற்றத்துக்கு /ஆர்க்/க்னோம்/டெஸ்க்டாப்/இன்டர்ஃபேஸ்/, நீட்சிகளின் விருப்பங்களுக்கு /ஆர்க்/க்னோம்/ஷெல்/எக்ஸ்டென்ஷன்ஸ்/. திரும்ப ஏற்றும்போது 'டிகான்ஃப் லோட்' கட்டளைக்கு எடுத்த அதே கிளையைக் கொடுக்க வேண்டும். வேறு கிளையைக் கொடுத்தால் பிழை எதுவும் வராது, மாற்றமும் வராது.

பிளாஸ்மாவில் நிறமும் எழுத்துருவும் கேடிஇகுளோபல்ஸ் கோப்பில், ஜன்னல் நடத்தை கேவின்ஆர்சியில், விசைகள் கேகுளோபல்ஷார்ட்கட்ஸ்ஆர்சியில், பேனலும் விட்ஜெட்டும் 'ஆப்லெட்ஸ்ஆர்சி' என்று முடியும் நீண்ட பெயருள்ள கோப்பில். அந்தக் கடைசிக் கோப்பில் திரை எண்களும் இருக்கும். இரண்டு திரை உள்ளவரின் கோப்பை ஒற்றைத் திரையில் போட்டால், இல்லாத இரண்டாம் திரையில் பேனல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எக்ஸ்எஃப்சிஇயில் ~/.கான்ஃபிக்/எக்ஸ்எஃப்சிஇ4/எக்ஸ்எஃப்கான்ஃப் ஃபோல்டரில் எக்ஸ்எம்எல் கோப்புகள். நீங்கள் உள்ளே இருக்கும்போது எக்ஸ்எஃப்கான்ஃப்டி என்ற சேவை அவற்றை நினைவகத்தில் வைத்திருக்கும். கோப்பை நேரில் திருத்தினால் அது தன் பழைய நகலை மேலே எழுதிவிடும். வெளியேறி, கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி உரைத்திரையில் நுழைந்து கோப்பை மாற்றுங்கள். பேனலை மட்டும் பகிர எக்ஸ்எஃப்சிஇ4-பேனல்-ப்ரொஃபைல்ஸ் போதும்.

இவற்றை ஒரே ரெப்போவில் வைத்துப் பகிர எளிய வழி எது?

கிட், அதனோடு ஸ்டோ. ஸ்டோ செய்வது ஒன்றுதான்: ரெப்போவில் உள்ள கோப்புகளுக்கு உரிய இடத்தில் இணைப்பு போடும்.

~/டாட்ஃபைல்ஸ் என்று ஃபோல்டர் உருவாக்குங்கள். ஒவ்வொரு செயலிக்கும் அதற்குள் ஒரு ஃபோல்டர். அதற்குள் ஹோமிலிருந்து கோப்பு வரையுள்ள பாதை அப்படியே வரவேண்டும். கிட்டி டெர்மினலுக்கு ~/டாட்ஃபைல்ஸ்/கிட்டி/.கான்ஃபிக்/கிட்டி/கிட்டி.கான்ஃப். அசல் கோப்பை அங்கே நகர்த்திவிட்டு, ~/டாட்ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நின்று 'ஸ்டோ -என் -வி கிட்டி' ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், செய்யாது. சரியாக இருந்தால் 'ஸ்டோ கிட்டி'.

தவறுவது மூன்று இடத்தில். ஸ்டோ இயல்பாகத் தான் நிற்கும் ஃபோல்டரின் மேல் ஃபோல்டரில் இணைப்பு போடும். ரெப்போவை ~/ப்ராஜெக்ட்ஸ்/டாட்ஃபைல்ஸ் என்று ஆழத்தில் வைத்தால் இணைப்புகள் ~/ப்ராஜெக்ட்ஸ் ஃபோல்டரில் விழும். '-டி ~' சேர்க்க வேண்டும் (டி என்பது 'டார்கெட்' என்பதன் முதல் எழுத்து). அடுத்தது, ~/.கான்ஃபிக்/கிட்டி ஃபோல்டரே இல்லாதபோது ஸ்டோ முழு ஃபோல்டரையும் ஒரே இணைப்பாக்கும். பிறகு அந்தச் செயலி எழுதும் தற்காலிகக் கோப்பு, வரலாறு எல்லாம் ரெப்போவுக்குள் வந்துசேரும். '--நோ-ஃபோல்டிங்' போட்டால் கோப்புவாரியாக இணைக்கும். மூன்றாவது '--அடாப்ட்'. ஏற்கெனவே கோப்பு இருக்கிறது என்று ஸ்டோ மறுக்கும்போது இதைப் போடச் சொல்வார்கள். இது கணினியில் இருப்பதை ரெப்போவுக்குள் இழுத்து, ரெப்போவில் இருந்ததை அழித்துவிடும். முதலில் கமிட் செய்துவிட்டு (இருக்கும் நிலையைக் கிட்டில் பதிந்துவிட்டு), பிறகு ஓட்டி, 'கிட் டிஃப்' பாருங்கள்.

ஹோம் ஃபோல்டரையே பணியிடமாகக் கொண்ட வெற்று கிட் ரெப்போ முறையும் பரவலானது. இணைப்புகளே தேவையில்லை என்பது அதன் நன்மை. அதில் ஒருபோதும் 'கிட் கிளீன்' ஓட்டாதீர்கள். ரெப்போவில் சேராத கோப்புகளை நீக்குவதே அதன் வேலை. ஹோமில் உள்ள அநேகமாக எல்லாமே சேராத கோப்புகள்தான்.

மடிக்கணினி ஒன்று, மேசைக்கணினி ஒன்று என்று வேறுபாடுகளோடு நடத்துகிறவர்களுக்கு ஷேமுவா பொருத்தம். ஒரே வார்ப்பிலிருந்து இயந்திரத்துக்கு ஏற்றபடி கோப்பை உருவாக்கும்.

ரெப்போவில் எதெல்லாம் போகக்கூடாது?

~/.கான்ஃபிக் ஃபோல்டரை மொத்தமாகச் சேர்ப்பதுதான் எல்லா விபத்துக்கும் தொடக்கம். உலாவியின் குக்கிகள், இணையச் சேமிப்போடு கோப்புகளைப் பரிமாறும் ஆர்குளோனின் கணக்கு விவரம், கிட் சேவைகளின் டோக்கன் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஹோமில் ~/.எஸ்எஸ்எச், ~/.ஜிஎன்யுபிஜி, ~/.நெட்ஆர்சி, ஷெல் வரலாறு. இவை பலருக்கும் நினைவிருக்கும். வானிலை விட்ஜெட் ஸ்கிரிப்டுக்குள் நேராக எழுதிய ஏபிஐ சாவிதான் (அந்தச் சேவைக்கான கடவுச்சொல் போன்றது) நழுவிவிடும், கூடவே அதிலுள்ள அட்ச, தீர்க்க ரேகைகள் உங்கள் வீட்டையே காட்டும்.

கிட்இக்னோர் கோப்பை விலக்குப் பட்டியலாக எழுதாமல் அனுமதிப் பட்டியலாக எழுதுங்கள்: முதல் வரியில் நட்சத்திரக்குறி, பிறகு வேண்டிய கோப்புகளையும் அவை இருக்கும் ஃபோல்டர்களையும் மட்டும் ஆச்சரியக்குறியோடு. ஏற்கெனவே சேர்த்துவிட்ட கோப்பை அதில் எழுதுவதால் பயனில்லை. 'கிட் ஆர்எம் --கேஷ்டு' வேண்டும். சாவி வெளியே போய்விட்டால் முதல் வேலை அதை ரத்து செய்வது. கோப்பை நீக்கிப் புதுக் கமிட் போடுவதால் எதுவும் மறையாது, பழைய கமிட்டில் இருந்துகொண்டே இருக்கும். வரலாற்றைக் கிட்-ஃபில்டர்-ரெப்போவால் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில் கவனிக்க என்ன இருக்கிறது?

பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கள். ஜேபெக்கில் சிறு எழுத்தின் ஓரம் கலங்கும். கருமையான பின்புலத்தில் சிவப்பு எழுத்து இன்னும் மோசம். ஸ்வே, ஹைப்பர்லேண்டில் கிரிம், பகுதியை மட்டும் வெட்ட அதனோடு ஸ்லர்ப்; எக்ஸ்11-இல் மெய்ம் அல்லது ஸ்க்ராட்; பிளாஸ்மாவில் ஸ்பெக்டக்கிள். மெனு திறந்த நிலையில் எடுக்க 'ஸ்லீப் 5; கிரிம்' என்று ஐந்து நொடி விடுங்கள்.

வெறும் டெஸ்க்டாப் ஒன்று, நிஜமாக வேலை நடக்கும் ஜன்னல்களோடு ஒன்று என இரண்டு படமாவது போடுங்கள். வால்பேப்பரும் கடிகாரமும் மட்டும் உள்ள படத்திலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. கணினி விவரம் காட்ட இன்னும் நியோஃபெட்ச் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட்ஃபெட்சுக்கு மாறிக்கொள்ளலாம். நியோஃபெட்ச் 2024 ஏப்ரலில் கைவிடப்பட்டது. படத்தை ஏற்றும் முன் பயனர் பெயர், உலாவியின் தாவல்கள், வந்திருக்கும் அறிவிப்பு, வைஃபை பெயர் இவற்றை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ரீட்மீயில் (ரெப்போவின் அறிமுகக் கோப்பு) என்ன எழுத வேண்டும்?

பிறர் கேட்கப்போகும் கேள்விகளின் விடை. டிஸ்ட்ரோ (எந்த லினக்ஸ் வகை), விண்டோ மேனேஜரின் பதிப்பு எண், எக்ஸ்11-ஆ வேலண்டா, திரையின் அளவும் பெருக்கமும், எழுத்துருக்களின் முழுப்பெயர், தேவைப்படும் பொதிகள் (நிறுவ வேண்டிய மென்பொருள்கள்), வால்பேப்பரை வரைந்தவர். பொதிப் பட்டியலை நினைவிலிருந்து எழுதினால் கட்டாயம் இரண்டு விடுபடும். ஸ்கிரிப்டுகளைத் திறந்து, அவை அழைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். ஜேக்யூ, பிளேயர்சிடிஎல், பிரைட்னஸ்சிடிஎல் மூன்றும் அடிக்கடி விடுபடுபவை.

இறக்கிய அமைப்பு அவர் படத்தில் இருப்பதுபோல் என் கணினியில் வரவில்லை.

அவருடைய கணினியின் அங்க அடையாளங்கள் கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேட வேண்டியவை இவை. '/ஹோம்/' என்று தொடங்கும் முழுப் பாதைகள்: அவருடைய பயனர் பெயர் உங்களிடம் இல்லை. திரையின் பெயர்: அவருக்கு இடிபி-1, உங்களுக்கு எச்டிஎம்ஐ-ஏ-1 என்றிருக்கலாம், 'ஸ்வேஎம்எஸ்ஜி -டி கெட்_அவுட்புட்ஸ்' அல்லது 'எக்ஸ்ரேண்டர்' சொல்லும். பேட்டரி: பேட்0 அல்லது பேட்1, /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை ஃபோல்டரில் பாருங்கள். நெட்வொர்க் அட்டையின் பெயர், 'ஐபி லிங்க்' கட்டளையில். வெப்பநிலை காட்டும் இடத்தில் எச்டபிள்யூமான் (உணரி) எண் எழுதியிருந்தால் அது மறுதொடக்கத்தில் மாறக்கூடியது. இன்று சரியாகி நாளை தவறாகும்.

எல்லாமே பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் பெருக்கத்தைப் பாருங்கள். எக்ஸ்11-இல் எக்ஸ்எஃப்டி.டிபிஐ 96 என்பது இயல்பு, ஒன்றரை மடங்குக்கு 144. ஸ்கிரிப்ட் ஓடவேயில்லை என்றால் இயங்கும் அனுமதி இல்லாமலிருக்கும்: 'சிஎச்மாட் +எக்ஸ்'. டெர்மினலில் ஓடி, மெனுவிலிருந்து ஓடாவிட்டால் டெஸ்க்டாப் கோப்பின் 'எக்ஸெக்' வரியைத் திறந்து பாருங்கள். அங்கே ~ குறி விரியாது, முழுப் பாதை வேண்டும்.

நிறுவும் ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டலாமா?

கூடாது. இணையத்திலிருந்து நேராக ஷெல்லுக்குள் செலுத்தும் ஒற்றை வரிக் கட்டளையை முதலில் கோப்பாக இறக்கி, 'ஆர்எம்' (அழிப்பது), 'சூடோ' (நிர்வாகி உரிமையில் ஓட்டுவது), 'கர்ல்' (இணையத்திலிருந்து இறக்குவது) வரும் வரிகளைப் படியுங்கள். அலங்காரப் பொருள்தானே என்ற நினைப்பு வேண்டாம். பிளாஸ்மாவின் குளோபல் தீம்கள் நிறக்கோப்புகள் மட்டுமல்ல, நிரல்களையும் கொண்டிருக்கலாம். 2024 மார்ச்சில் அத்தகைய ஒரு தீமை நிறுவியவரின் கோப்புகள் அழிந்தன. தீங்கெண்ணி எழுதியதாகவும் தெரியவில்லை, கவனக்குறைவான நீக்கும் கட்டளை. கேடிஇ அதன்பின் பயனர்களை எச்சரித்தது.

சோதிக்க ஒரு புதுப் பயனர் கணக்கு திறந்து, அதற்கு நிர்வாகி உரிமை கொடுக்காமல், அங்கே நிறுவிப் பாருங்கள். வெளிப்புற டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பிடித்தால் வேண்டிய கோப்புகளை மட்டும் உங்கள் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்.

மாற்றியதும் கருப்புத் திரை. உள்ளே போகவே முடியவில்லை.

கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3. உரைத்திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையுங்கள். கடைசியாக மாற்றிய கோப்பை அழிக்காமல் 'எம்வி' கட்டளையால் பெயர் மாற்றுங்கள். க்னோமில் நீட்சிதான் சந்தேகம் என்றால் ~/.லோக்கல்/ஷேர்/க்னோம்-ஷெல்/எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரை நகர்த்துங்கள். ஐ3, ஸ்வேயில் '-சி' விருப்பம் பெரிய எழுத்தில் கொடுத்தால் கான்ஃபிக்கைச் சோதித்துப் பிழையான வரியைச் சொல்லும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பி வந்தால் தீமை விட்டுவிட்டு இரண்டைப் பாருங்கள்: 'டிஎஃப் -எச்' காட்டும் டிஸ்க் இடம், 'எல்எஸ் -எல்ஏ' காட்டும் கோப்பு உரிமையாளர். ஹோமில் உள்ள கோப்பை சூடோ போட்டுத் திருத்தியதால் அது ரூட்டின் (நிர்வாகியின்) பெயருக்குப் போயிருக்கும். ~/.எக்ஸ்அத்தாரிட்டி அப்படி மாட்டுவது சகஜம்.

உள்நுழைவுத் திரை, கிரப் மெனு (கணினி தொடங்கும்போது வருவது) இவற்றையும் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கடைசியில். உள்நுழைவுத் திரையைக் காட்டும் எஸ்டிடிஎம்மின் தீமை 'எஸ்டிடிஎம்-கிரீட்டர் --டெஸ்ட்-மோட் --தீம்' கட்டளையோடு பாதையைக் கொடுத்து ஜன்னலிலேயே ஒத்திகை பார்க்கலாம். கிரப்புக்கு /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_தீம் வரி. பிறகு மெனுவுக்கான கிரப்.சிஎஃப்ஜி கோப்பை மறுபடி உருவாக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் நேரடி யுஎஸ்பி ஒன்று கையில் இருக்கட்டும்.

பிறர் அமைப்பிலிருந்து எடுத்தால் பெயர் போட வேண்டுமா? உரிமம் தேவையா?

ஆம், இரண்டுக்கும். உரிமம் இல்லாத ரெப்போவை மற்றவர்கள் பார்க்கலாமே தவிர, மாற்றிப் பகிர அனுமதி இருப்பதாகக் கொள்ள முடியாது. எம்ஐடி போன்ற ஒன்றைச் சேர்ப்பதற்கு ஒரு நிமிடம். வால்பேப்பர் வேறு கதை: அதை வரைந்தவர் நீங்கள் இல்லை, உங்கள் உரிமம் அதற்குப் பொருந்தாது. அனுமதி தெளிவாக இல்லாத படத்தை ரெப்போவில் சேர்க்காமல் அசல் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். ரெப்போவின் எடையும் குறையும்.

இதனாலெல்லாம் கணினி மெதுவாகுமா?

நிறமும் எழுத்துருவும் ஒன்றும் செய்யாது. மங்கலாக்கும் விளைவு, அசையும் வால்பேப்பர், நொடிக்கொரு முறை ஓடும் பேனல் ஸ்கிரிப்ட் மூன்றும் பேட்டரியைக் குடிக்கும். வெப்பநிலைக்கு ஐந்து நொடி, பொதி எண்ணிக்கைக்கு ஒரு மணி நேரம் என்று இடைவெளியைக் கூட்டுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு உடைந்துவிட்டது. தவிர்க்க வழி உண்டா?

முழுவதும் தவிர்க்க முடியாது. க்னோம் நீட்சிகள் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் பொருந்துவதாக அறிவிக்கப்பட வேண்டும். மெட்டாடேட்டா.ஜேசன் கோப்பில் பதிப்பெண்ணைக் கூட்டி ஏமாற்றுவது சில சமயம் பலிக்கும். 2023 செப்டம்பரில் வந்த 45-இல் நிரலை ஏற்றும் முறையே மாறியதால் பழைய நீட்சி எதுவும் திருத்தாமல் ஓடவில்லை. நம்பியிருக்கும் நீட்சிகளின் எண்ணிக்கையை மூன்று நான்குக்குள் வைத்தால் இந்த வலி குறையும். ஹைப்பர்லேண்டின் கான்ஃபிக் இலக்கணமும் அடிக்கடி மாறுவது. மேலே சிவப்புப் பட்டையில் வரும் பிழைச் செய்தியில் வரி எண் இருக்கும், அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

நன்றாக ஓடும் நிலையில் ரெப்போவில் ஒரு டேக் (பெயர்க்குறி) போட்டு, அதன் பெயரிலேயே விண்டோ மேனேஜரின் பதிப்பு எண்ணைச் சேருங்கள். உங்கள் அமைப்பை இறக்குகிறவர் பழைய பதிப்பில் இருந்தால் அந்த டேக்கை எடுத்துக்கொள்வார். எந்தப் பொதி மாறியதால் உடைந்தது என்று தேட, டெபியன் வழி வந்தவற்றில் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக், ஆர்ச்சில் /வார்/லாக்/பேக்மேன்.லாக். உடைந்த நாளின் வரிகளை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் பத்து இருபது பெயர்களுக்குள் ஆள் கிடைத்துவிடும்.